ஏலமலை ஜீப்பும் அதன் வாட்டர் பம்பும்

முல்லைப் பெரியாற்றின் நீர் 1895-ம் ஆண்டில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாய்க் கிழக்கே திருப்பப்பட்ட நாள் முதல், கம்பம் பள்ளத்தாக்கில் மடையின் அருமையை அறியாத குடியானவர் இலர். மடை பழுதுபட்டால் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் என்னவாகும் என்பதைச் சிறுபிள்ளையும் சொல்லும். ஆயினும் அதே குடியானவருடைய பழைய ஜீப்பில், எஞ்சினின் முகப்பில் சுழலும் சிறு மடையாகிய வாட்டர் பம்பு கசியத் தொடங்கினால், "ஒரு குடம் தண்ணீரை வண்டியில் வைத்துக்கொண்டால் போதும்" என்று விட்டுவிடுவோரே மிகுதி. அது பெரும் பிழையாகும்.

விடியுமுன் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய வழிகளில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளை இப்பக்கத்தார் அனைவரும் அறிவர். அவற்றில் செல்வோரிற் பெரும்பாலார் காய் பறிக்கச் செல்லும் பெண்கள். சூடேறிய எஞ்சின் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டால், ஒரு நாள் கூலி போவது மாத்திரமன்று; பின்வாங்கும் வண்டியைக் கைப்பிரேக்கு ஒன்றே தாங்க வேண்டியதாகும். அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்துபோவதும் உண்டு. காய்ந்த எஞ்சின்மேல் ஓடைத் தண்ணீரைக் கொட்டுவதால் ஹெட் வெடித்துப் போவது வேறு நஷ்டம். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிவிட்டுப் பின்னர் பம்பின்மேல் பழி சொல்வாரும் உளர். அந்தக் குற்றத்துக்கு எந்தப் பட்டறையிலும் மருந்து இல்லை.

கசிவினால் தண்ணீர் குறைகிறது என்பதை மட்டுமே பலர் எண்ணுகின்றனர். அழுத்தமும் குறைகிறது என்பதை எண்ணுவதில்லை. கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் நீர், சுமார் 1,400 மீட்டர் உயரமுள்ள போடிமெட்டில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இக்குறையை ஈடுசெய்வதற்காகவே ரேடியேட்டருக்கு அழுத்த மூடி அமைத்திருக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி கொதிநிலையைச் சுமார் 11 டிகிரி உயர்த்தும். பம்பின் சீல் கசிந்தால் அந்த அழுத்தம் நிற்பதில்லை. ஆகவே மலையடிவாரத்தில் நன்றாய் ஓடிய வண்டி, மேலே செல்லச் செல்லக் கொதிப்பதில் வியப்பில்லை. குடத்துத் தண்ணீர் அளவை நிரப்புமேயன்றி அழுத்தத்தைத் தராது. பம்பே இல்லாமல் மோட்டார் வண்டிகள் ஓடியதில்லையா என்று கேட்பாருண்டு. 1908-ம் ஆண்டு முதல் 1927-ம் ஆண்டு வரை செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் பம்பு கிடையாதென்பதும், சூடான நீர் தானே மேலெழும்பி ரேடியேட்டருக்குச் சென்றதென்பதும் மெய்யே. ஜீப்பின் நீர்வழிகளோ பம்பு தள்ளும் என்று கருதி அமைக்கப்பட்டவை.

ஏலக்காய்ப் பறிப்பு ஆடி ஆவணியில் தொடங்கினால் தை மாசி வரை வண்டிக்கு ஓய்வில்லை. ஆதலால் பம்பைச் சோதிக்க வேண்டிய காலம் சித்திரை வைகாசியே. சோதனை கால் மணி நேரத்து வேலை. எஞ்சின் ஆறியிருக்கும்போது விசிறியை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டமிருந்தால் பேரிங் தேய்ந்தது என்று கொள்ளலாம். பம்பின் அடியிலுள்ள சிறு கசிவுத் துளையில் ஈரமோ, வெளுத்த உப்புக்கறையோ காணப்பட்டால் சீல் போய்விட்டது. துளை கசிகிறதென்று அதை மெழுகாலோ சோப்பாலோ அடைத்துவிடுவது அறியாமை. உள்ளே புகும் நீர் பேரிங்கைக் கெடாதிருக்கும் பொருட்டே அத்துளை வைக்கப்பட்டிருக்கிறது.

மாற்றுப் பம்பு வாங்குவதில்தான் ஏமாற்றம் மிகுதி. ஜீப் என்பது ஒரே பெயராயினும் எஞ்சின் ஒன்றன்று. பழைய வில்லிஸ் வகைப் பெட்ரோல் எஞ்சின் ஒன்று. 1979-ம் ஆண்டில் மஹிந்திரா கம்பெனியார் உரிமம் பெற்ற பியூஜோ டீசல் எஞ்சின் மற்றொன்று. இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வழிவந்த டீசல் எஞ்சின் வேறொன்று. இக்கடைசி வகை உழவு யந்திரத்துக்கு நெருங்கிய உறவினர் எனலாம். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய வண்டிகளும் பலவாதலால், வண்டியின் பெயரைச் சொல்லிப் பம்பு கேட்பது பயனற்றது. கழற்றிய பழைய பம்பையே கையில் கொண்டுபோய்ப் புதியதின் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். போல்ட் துளைகள் பொருந்தினால் போதாது. உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரத்தின் விட்டமும் உயரமும், புல்லி நிற்கும் தூரமும், ஹோஸ் வாயின் அளவும் ஒத்திருக்க வேண்டும். புல்லி சிறிது முன்தள்ளி நின்றாலும் பெல்ட் கோணலாய் ஓடும்; விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிடவும் கூடும்.

விலை குறைவென்று பேரற்ற பம்பை வாங்குவதினும், பழைய பம்பின் வார்ப்பு வெடிப்பும் அரிப்பும் இன்றி நன்றாயிருக்குமாயின், அதற்கே புதிய பேரிங்கும் தண்டும் சீலும் போட்டுக்கொள்வது மேல். இவ்வேலைக்கு வேண்டுவது அழுத்தக் கருவியும், அளவறிந்த லேத்துக்காரரும். தண்டைச் சுத்தியால் அடித்து இறக்குகிற பட்டறையை விட்டு விலகுவது நலம்.

பொருத்தும்போது சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பட்டறைக்காரர் சிலர் விரும்பார். ஆயினும் நிற்பது நன்று. எடுக்கும் போல்டுகள் ஒரே நீளமுடையன அல்ல. ஓர் அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அவற்றைக் குத்தி வைத்தால் மாறாது. நீண்ட போல்டு குறுகிய துளையிற் புகுந்தால் வார்ப்பு உடையும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டுமுன் எஞ்சினின் நீர்வாயைத் துணியால் அடைக்க வேண்டும். சுரண்டிய தூள் உள்ளே விழலாகாது. பின்பு புதிய கேஸ்கட் வைத்து, போல்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் முடுக்கி, பம்பைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். எங்கேனும் உரசினால் அப்போதே கழற்றுதல் வேண்டும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அமிழ வேண்டும். தம்பூரின் தந்திபோல் இழுத்து முடுக்குவதனாலேயே பல புதிய பம்புகளின் பேரிங் சீக்கிரத்தில் அழிகிறது.

மலை ஏறும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று அதைப் பிடுங்கி எறிவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. அதனால் எஞ்சின் தக்க சூட்டுக்கு வராமல் எண்ணெய் வீணாகும், தேய்மானமும் மிகும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியே திரும்பிவிடவும் கூடும். கெட்டிருந்தால் மாற்றலாம், நீக்கலாகாது. அவ்வாறே ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரை ஊற்றுவதும் தீது. அந்நீரின் சுண்ணாம்பு அடுப்புப் பானையில் படிவதுபோல் எஞ்சினுள்ளும் படியும். வடிநீரில் கூலண்டைக் குறித்த அளவில் கலந்து ஊற்றுவதே முறை. பள்ளத்தாக்கில் உறைபனி இல்லையே என்று கேட்கலாம். துருவும் அரிப்பும் இங்கு உண்டல்லவா?

இக்காரியத்தில் கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடியது சிறிதன்று. பறிப்புக்கு முன் ஒரு நாள் ஊர்ப் பொதுவிடத்தில் தோட்டத்து ஜீப்புகளை நிறுத்தி, தக்க மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பம்பு, பெல்ட், ஹோஸ், மூடி இவற்றைப் பார்க்கச் செய்தால், அதற்காகும் செலவை ஆளுக்குச் சிறிதாய்ப் பங்கிடலாம். சட்டத்தின் அதிகாரம் இதற்கு வேண்டுவதில்லை. சொல்லின் அதிகாரமே போதும். தகுதிச் சான்று இருக்கிறதென்று வாதிப்போருக்கு, அச்சான்று எழுதிய நாளுக்குப் பின் சீல் தேய்ந்திருக்கலாம் என்பதை எடுத்துக் காட்டலாம்.

புதுப் பம்புடன் முதல் முறை மெட்டுக்குப் போய் வந்தபின், எஞ்சின் நன்றாக ஆறியதும் போல்டுகளையும் பெல்ட்டையும் மறுபடி பார்த்து, குறைந்த கூலண்டை நிரப்ப வேண்டும். வடித்தெடுத்த பழைய கூலண்டைத் தொழுவத்தருகிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. அதிலுள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்பானது. நாயும் கன்றும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டு மாண்டுபோகும். மூடியுள்ள டின்னில் எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைத்து, பட்டறையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.