சாக்கடை சொல்லும் சேதி!

அதிகாலை 5 மணி. விழுப்புரம் பஸ் நிலையத்தில் கூட்டம் தொடங்கிவிட்டது.

சென்னையில் இருந்து ஒரு பஸ் வந்து நிற்கிறது. திருச்சிக்கு ஒரு பஸ் புறப்படுகிறது. புதுச்சேரி பஸ் ஒரு பக்கம். திருவண்ணாமலை பஸ் ஒரு பக்கம். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு தாய் இறங்குகிறார். காய்கறி மூட்டையோடு ஒரு பெரியவர் ஏறுகிறார்.

கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். டீ குடிக்கிறார்கள். கழிப்பறைக்குப் போகிறார்கள். பிறகு அவரவர் வழியில் போய்விடுகிறார்கள்.

திண்டிவனத்திலும் இதே காட்சிதான். சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் நடுவே, வழியில் நிற்கும் இரண்டு வாசல்கள் இந்த ஊர்கள்.

இந்த வாசல்களைத் தாண்டி தினமும் எத்தனை பேர் போகிறார்கள்? அவர்களில் யார் உடம்பில் என்ன நோய் ஒளிந்திருக்கிறது? டாக்டருக்குத் தெரியாது. போலீசுக்குத் தெரியாது. நோயைச் சுமந்து போகிறவருக்கே தெரியாது!

ஆனால் ஒன்றுக்குத் தெரியும். அதுதான் சாக்கடை!

மூக்கைப் பிடிக்க வேண்டாம். விஷயம் பெரியது.

200 பேரில் ஒருவர்

வைரஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி. பல வகை வைரஸ்கள் மனிதனின் குடலில் பெருகி, மலத்தோடு வெளியே வருகின்றன. போலியோ கிருமி அப்படிப்பட்டது. மஞ்சள் காமாலை தரும் ஒரு வகைக் கிருமியும் மலத்தோடு வெளியே வருகிறது. கொரோனா மூச்சில் பரவும் நோய். ஆனாலும் அதன் துணுக்குகள் மலத்தில் வருகின்றன.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 200 குழந்தைகளுக்கு அந்தக் கிருமி தொற்றினால், ஏறத்தாழ ஒரு குழந்தைக்குத்தான் கால் முடங்கும். மற்றக் குழந்தைகள் ஓடி ஆடிக்கொண்டே இருக்கும். பெற்றவர்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. ஆனால் அந்தக் குழந்தைகளின் மலத்திலும் கிருமி போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே, கால் முடங்கிய ஒரு குழந்தை ஆஸ்பத்திரிக்கு வரும்போது, கிருமி ஊரெல்லாம் உலாவி முடித்திருக்கும். அப்போது விழித்தால் அது தாமதமான விழிப்பு.

சாக்கடை அப்படி அல்ல. அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

மும்பை காட்டிய வழி

இதை முதலில் சோதித்துப் பார்த்தவர்கள் வெளிநாட்டார். 1939-லேயே அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழக டாக்டர்கள், சாக்கடை நீரில் போலியோ கிருமி இருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

இந்தியாவில் 2001-ம் ஆண்டு மும்பையில் இந்த வேலை தொடங்கியது. சாக்கடையில் இருந்து நீர் எடுத்தார்கள். போலியோ கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கிருமி எங்கே தென்பட்டதோ அங்கே சொட்டு மருந்து வேலையை முடுக்கினார்கள். பிறகு டில்லி, பாட்னா, கொல்கத்தா என்று இந்தச் சோதனை விரிந்தது.

2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஹவுரா பகுதியில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான், இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமி தாக்கிய கடைசி நிகழ்ச்சி. 2014 மார்ச் 27-ந் தேதி, போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்த வெற்றி சொட்டு மருந்தின் வெற்றி. வீடு வீடாக நடந்த ஊழியர்களின் வெற்றி. அதில் சாக்கடைக்கும் ஒரு பங்கு உண்டு!

சேதி வந்தால் போதுமா?

இரண்டு ஊர்களின் கதையைக் கேளுங்கள்.

இஸ்ரேல் நாட்டின் தெற்கே ராஹத் என்று ஓர் ஊர். 2013-ல் அங்கே சாக்கடை நீரில் போலியோ கிருமி தென்பட்டது. ஒரு குழந்தைகூட நோயாகப் படுக்கவில்லை. இருந்தும் அரசு சும்மா இருக்கவில்லை. லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தது. ஒரு குழந்தைக்கும் கால் முடங்கவில்லை.

அதற்குப் பக்கத்திலேயே இருப்பது காசா. 2024 ஜூன் மாதம் அங்கே எடுத்த கழிவுநீரிலும் போலியோ கிருமி தென்பட்டது. ஆனால் அங்கே யுத்தம்! குண்டு மழையில் மருந்து கொடுப்பது யார்? பிறந்து 10 மாதமான ஒரு குழந்தைக்குப் போலியோவால் கால் முடங்கியது ஆகஸ்டு மாதம் உறுதியானது. செப்டம்பர் முதல் தேதிதான் சொட்டு மருந்து முகாம் தொடங்க முடிந்தது.

சேதி இரண்டு இடத்துக்கும் வந்தது. ஓர் இடத்தில் கை நீண்டது. இன்னோர் இடத்தில் கை கட்டிக் கிடந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்!

கோயம்பேடு பாடம்

2020 மே மாதத்தை விழுப்புரம் மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சென்னை கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியது. மே 5-ந் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்கள், காய்கறி விற்றவர்கள், லாரி ஓட்டியவர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை குபீர் என்று ஏறியது.

பிழைக்கப் போன ஏழைகள் நோயோடு திரும்பினார்கள். அது அவர்கள் குற்றமா? இல்லவே இல்லை. ஆனாலும் ஊர் திரும்பியவர்களைப் பலர் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள்.

அதே 2020-ல் ஆமதாபாத்திலும் ஐதராபாத்திலும் விஞ்ஞானிகள் கழிவுநீரில் கொரோனாவின் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே கழிவுநீரில் கிருமியின் அளவு ஏறுவது பல நாடுகளில் தெரிய வந்தது.

கோயம்பேட்டிலும், விழுப்புரம் பஸ் நிலையத்திலும் வாரம் ஒரு தடவை இப்படிச் சோதிக்கும் ஏற்பாடு முன்பே இருந்திருந்தால்? சில நாள் அவகாசம் கிடைத்திருக்கலாம். தொற்று நோயில் சில நாள் என்பது சில உயிர்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாக்கடை யார் பெயரையும் சொல்லாது. ஏழை, பணக்காரன் பார்க்காது. எந்த ஜாதி என்று கேட்காது. "இந்த ஊரில் கிருமி இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். யாரையும் தலைகுனிய வைக்காமல் ஊரைக் காப்பாற்றும் வழி இது.

எப்படி எடுக்கிறார்கள்?

வேலை மிக எளிது. காலையில் கழிவுநீர் அதிகமாக ஓடும் நேரம் பார்த்து, ஒரு லிட்டர் அளவுக்கு நீர் எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை? அதே முறையில் இதையும் பார்க்கலாம்.

முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. அது 1899-ல் தொடங்கியது. போலியோ கிருமியைக் கண்டுபிடிப்பதில் கை தேர்ந்தது. காலையில் திண்டிவனத்தில் எடுத்த பாட்டில் பகல் சாப்பாட்டுக்குள் கிண்டிக்குப் போய்விடும்.

2011 கணக்குப்படி விழுப்புரம் நகரில் 96 ஆயிரம் பேர். திண்டிவனத்தில் 72 ஆயிரம் பேர். இத்தனை பேர் மூக்கிலும் குச்சி விட முடியுமா? ஓடும் சாக்கடையில் ஒரு பாட்டில் எடுத்தால், அதில் பல ஆயிரம் பேரின் கணக்கு வந்துவிடும்!

சிலர் கேட்கும் கேள்வி

"பல வீடுகளில் செப்டிக் டேங்க்தானே இருக்கிறது? பாதாளச் சாக்கடை எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டதா?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஆனால் வழி இருக்கிறது. வேலூரில் ஆராய்ச்சி டாக்டர்கள் டைபாய்டு கிருமியைத் தேடியபோது, ஊர்ச் சாக்கடைகளிலேயே சோதித்தார்கள். செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவந்து கொட்டும் இடத்தில் எடுக்கலாம். பஸ் நிலையக் கழிப்பறை, ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி ஆகியவற்றின் கழிவுநீரைப் பார்க்கலாம்.

"மழை வந்தால்?" என்பது அடுத்த கேள்வி. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் அடித்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! அந்த வெள்ளத்தில் எடுக்கும் நீர் சரியான கணக்குத் தராது. கிருமி கரைந்துபோய்விடும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகுதான் நோய் தலைகாட்டும். அப்போது வாரா வாரம் பார்ப்பது மிக அவசியம்.

இந்தச் சோதனை தடுப்பூசிக்குப் பதில் அல்ல. டாக்டருக்குப் பதில் அல்ல. வீட்டைக் காக்கும் நாய் திருடனைப் பிடிக்காது, குரைக்கும். எழுந்து போக வேண்டியவர் வீட்டுக்காரர்!

மூன்று காரியங்கள்

2025-ல், கழிவுநீர்ச் சோதனையை 50 நகரங்களுக்கு விரிப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அது பெருநகரங்களோடு நின்றுவிடக் கூடாது. நோய் பெருநகரத்திலேயே தங்குவதில்லை. பஸ் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, கிராமத்துக்கு நடந்து போகிறது. ஆகவே, சாலைகள் கூடும் ஊர்களிலும் சோதனை வேண்டும்.

இதோடு மூன்று காரியங்கள் அவசியம்.

ஒன்று: நீர் எடுப்பதற்காக ஒரு மனிதனையும் குழிக்குள் இறக்கக் கூடாது. மேலே நின்று, கையுறை அணிந்து, கயிற்றில் கட்டிய பாத்திரத்தால் எடுக்கலாம். கையால் மலம் அள்ளும் வேலைக்கு 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. பல உயிரைக் காக்கும் வேலையில் ஓர் உயிர் போகக் கூடாது.

இரண்டு: ஊர் அளவில் சோதிக்க வேண்டும். ஒரு தெருவையோ, ஒரு குடியிருப்பையோ குறிவைத்து, "இவர்கள்தான் நோய் பரப்புகிறார்கள்" என்று விரல் நீட்ட இடம் தரக் கூடாது. பழைய தீண்டாமை போதாதா? புதிது ஒன்று வேண்டாம்.

மூன்று: கிடைத்த சேதியை மக்களுக்குச் சொல்ல வேண்டும். தங்கம் விலை தினமும் தெரிகிறது. நாளை மழை வருமா என்று தெரிகிறது. ஊரில் கிருமி ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதும் தெரியட்டும். பஸ் நிலையத்தில் ஒரு பலகை போதும். அதைப் படித்த தாய், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுப்பார். விட்டுப்போன தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள ஓடுவார். பைலில் தூங்கும் சேதியால் யாருக்கு லாபம்?

சாத்தனூர் அணையில் தண்ணீர் ஏறினால், கீழே தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை தர வேண்டும். எச்சரிக்கை எவ்வளவு முன்னால் வருகிறதோ, அவ்வளவு உயிர் பிழைக்கும். இது விழுப்புரம் மாவட்ட மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை.

நோயும் ஒரு வெள்ளம்தான். அது எத்தனை அடி ஏறியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவுகோல் சாக்கடையில் இருக்கிறது.

பஸ் நிலையத்தில் இறங்கிய அந்தத் தாயின் தோளில் குழந்தை இன்னும் தூங்குகிறது. அது நிம்மதியாகத் தூங்கட்டும்.

விழித்திருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்!