12 நாளில் கவிழ்ந்த ஆட்சி! சிரியாவில் கலகப்படை ஜெயித்தது எப்படி?

2024-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி. சிரியா நாட்டின் தலைநகரான டமாஸ்கசுக்குள் கலகப்படை நுழைந்தது. ஜனாதிபதி பஷர் அல் ஆசாத் நாட்டை விட்டே ஓடிவிட்டார். ருஷியா அவருக்கு அடைக்கலம் கொடுத்தது.

அப்பாவும் மகனுமாக 50 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட குடும்பம் அது. கலகப்படை புறப்பட்ட 12-வது நாளில் அந்த ஆட்சி கவிழ்ந்தது!

சுவரில் எழுதிய சிறுவர்கள்

2011-ம் ஆண்டு டேரா என்ற ஊரில் சில சிறுவர்கள் சுவரில் சர்க்காரை எதிர்த்து எழுதினார்கள். போலீசார் அவர்களைப் பிடித்துச் சித்ரவதை செய்தனர். கொதித்துப் போன ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். ராணுவம் சுட்டது. அதுவே உள்நாட்டு யுத்தமாக மூண்டது. 5 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர்.

யார் தலைவர்?

கலகப்படைத் தலைவர் அகமது அல் ஷரா. ஈராக்கில் அமெரிக்கப் படையை எதிர்த்து, ஜெயிலுக்குப் போனவர். சிரியாவில் அல்கொய்தாவின் கிளையை நடத்தியவர். 2016-ல் அல்கொய்தாவின் உறவை முறித்தார். 2017-ல் பல கோஷ்டிகளை ஒன்று சேர்த்தார். போட்டிக் கோஷ்டிகளை அடக்கினார்.

வடமேற்கில் உள்ள இத்லிப் பகுதி அவர் கைக்கு வந்தது. அங்கே தனி நிர்வாகம் நடந்தது. வரி வசூலித்தார்கள். படைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2020-ல் ருஷியாவும் துருக்கியும் செய்த போர் நிறுத்தம் அதற்கு அவகாசம் தந்தது.

ராணுவம் ஏன் ஓடியது?

ஆசாத்தைத் தாங்கி நின்றவர்கள் ருஷியாவும் ஈரானும் லெபனானின் ஹிஸ்புல்லா படையும்தான். ருஷியா உக்ரைன் யுத்தத்தில் சிக்கியிருந்தது. ஹிஸ்புல்லாவும் ஈரானும் இஸ்ரேலிடம் அடி வாங்கியிருந்தன.

சிப்பாய்களின் சம்பளமோ குடும்பத்துக்குப் போதவில்லை. கலகப்படை நவம்பர் 27-ல் புறப்பட்டது. பெரிய நகரமான அலெப்போ சில நாட்களில் விழுந்தது. டிசம்பர் 4-ந் தேதி சிப்பாய்களுக்கு 50 சதவீதச் சம்பள உயர்வு அறிவித்தார் ஆசாத். மறுநாளே ஹமா நகரமும் போனது!

இனி என்ன?

2025 ஜனவரியில் ஷரா ஜனாதிபதி ஆனார். ஆனால் ரத்தம் சிந்துவது நிற்கவில்லை. மார்ச் மாதம் கடலோரத்தில் ஆசாத்தின் இனமான அலாவிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். புதிய சர்க்காரின் ஆட்களே கொன்றதாகப் புகார் எழுந்தது. ஜூலையில் துரூஸ் மக்கள் வாழும் சுவைதாவிலும் பலர் மடிந்தனர்.

ஆசாத்தை மக்கள் வெறுத்தது, சொந்த ஜனங்களையே அவர் சுட்டதால்தான். இதைப் புதிய ஆட்சி மறந்தால், சிரியாவுக்கு விடிவு ஏது?