ஆலய வெள்ளியும் அதனைச் செய்தார் பெயரும்

ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரப் பேராலயத்தில், ஆண்டுதோறும் நற்கருணைத் திருநாளன்று வீதிவலம் வரும் வெள்ளிப் பேழையொன்று உண்டு. கோபுரத்தின்மேற் கோபுரம் எழுந்தாற்போல ஆளுயரத்தையும் கடந்து நிற்கும் அப்பேழையில் ஏறக்குறைய 5,600 துண்டுகளும், அவற்றைப் பிணிக்கும் 12,500 திருகாணிகளும், 260 சிற்றுருவங்களும் உள்ளன என்று எண்ணிக் கூறுவர். அதனுள்ளே இசபெல் அரசிக்கு உரியதாயிருந்த பொற்பாத்திரம் அமைந்துள்ளது. பேழையைச் செய்வித்தவர் கர்தினால் சிஸ்நேரொஸ். 1517-ம் ஆண்டிலேயே அவர் காலஞ்சென்றமையால், 1524-ல் நிறைவெய்திய வேலையை அவர் கண்டாரில்லை. ஆயினும் காண வருவோர் செவியில் முதற்கண் விழுவது அவர் பெயரே. செய்தவரோ, ஜெர்மானிய நாட்டுக் கொலோன் நகரின் அயலிலிருந்து வந்து லெயோன் நகரிற் குடியேறிய என்ரீக்கே தெ ஆர்ஃபே என்னும் வெள்ளிக்கம்மியர்.

கொடுத்தாருக்கே புகழ் முழுதும் உரியது என்னும் கொள்கை நமக்கு உடன்பாடன்று. அக்காலத்துப் பிரபுக்களும் அத்தியட்சர்களும் தாம் அளித்த பாத்திரங்களில் தம் குலச்சின்னத்தைப் பொறிக்கத் தவறினாரல்லர். கம்மியர் பெயர்கள் நம் காலம்வரை எட்டியிருப்பதோ, பெரும்பாலும் நன்றியினால் அன்று, ஐயுறவினாலேயாம். இதனை விளக்குவோம்.

காஸ்தில் நாட்டு மன்னர் இரண்டாம் ஹுவான் 1435-ம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார். கலப்பற்ற வெள்ளியின் மாற்று 12 தினேரோ. தினேரோ ஒன்றுக்கு 24 கிரானோ. விற்கப்படும் வெள்ளி வேலைப்பாடு 11 தினேரோவும் 4 கிரானோவும் இருத்தல்வேண்டும், அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 93 பங்கு தூய வெள்ளியாதல்வேண்டும், என்றும், கம்மியர் ஒவ்வொருவரும் தத்தம் முத்திரையை நகரசபை எழுத்தரிடம் பதிவுசெய்தல்வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. மாற்றுக் குறைப்பானைப் பிடித்தற்கு இட்ட பொறி அது. இன்றோ, பாத்திரத்தின் அடியில் மறைந்துகிடக்கும் அச்சிறு முத்திரையைக்கொண்டே அறிஞர் செய்தவன் ஊரையும் பெயரையும் துணிகின்றனர். கள்வனைத் தேடியவர்கள் கலைஞனைக் காட்டிச்சென்றனர் போலும்!

இதனினும் வருந்தத்தக்க சான்று ஒன்று உளது. அரகோன் நாட்டினர் பாப்பரசராக ஏற்றிருந்த பதின்மூன்றாம் பெனெதிக்து, 1415-ம் ஆண்டில், யூதர்கள் சிலுவைகளையும் பூசைக் கிண்ணங்களையும் செய்தலாகாது என்று கட்டளை பிறப்பித்தார். எவரும் செய்யாத தொழிலைத் தடுப்பது எதற்கு? கிறிஸ்தவ பீடங்களின்மேல் ஒளிர்ந்த பாத்திரங்களிற் சில யூதக் கம்மியர் கைவேலையே என்பதை அத்தடையுத்தரவே ஒப்புக்கொள்கின்றது. 1492-ம் ஆண்டில் அம்மக்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். அவர்கள் தட்டிய வெள்ளியை எவரும் தீட்டென்று வீசியதாகத் தெரியவில்லை. கையை வெறுத்தவர்கள் கைவேலையை வைத்துக்கொண்டனர். இதனை அநீதி என்று சொல்ல நாம் சிறிதும் தயங்கோம்.

பார்சிலோனா நகரத்துக் கம்மியர் சங்கத்தின் பரீட்சை ஏடுகள் மட்டும் மனத்துக்கு இதமானவை. தொழிலுரிமை வேண்டிய இளைஞன் தான் செய்யும் பொருளை முன்னதாக ஏட்டில் வரைந்து, பெயரும் நாளும் எழுதவேண்டும். 1500-ம் ஆண்டையொட்டித் தொடங்கும் அவ்வேடுகள் இன்றும் அந்நகரில் உள்ளன. பதக்கமும் மோதிரமுமே அவற்றில் மிகுதி. பொருள்களிற் பெரும்பாலன உருகி மறைந்தன, படங்கள் எஞ்சின.

தானே முன்வந்து பெயர் பொறித்தவரும் இல்லாமலில்லை. ஜிரோனா பேராலயத்துப் பீடத்தின் பின்னே நிற்கும் பதினான்காம் நூற்றாண்டு வெள்ளித் திரையில், “என்னைச் செய்தவன் பேரே பெர்னேஸ்” எனப் பொருள்படும் எழுத்து உளது. அவர் அரகோன் மன்னர் நான்காம் பேதுருவின் கம்மியர். அரசரது ஆதரவு இத்துணிவைத் தந்திருத்தல்கூடும்.

வேலைக்குக் கூலி பெற்றானன்றோ, இறைவனுக்கென்று செய்ததில் மானிடன் பெயர் எதற்கு என்பார் உளர். அங்ஙனமாயின் குலச்சின்னம் எதற்கு என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். கூலியைப்பற்றியும் ஒரு சொல். அந்நாளைய கணக்குகளில் வெள்ளியின் விலை வேறு, செய்கூலி வேறு. போர் வந்துற்றபோது முன்னதே கருதப்பட்டது. 1475-ல், போர்ச்சுகலோடு மூண்ட போரின் செலவுக்காக ஆலய வெள்ளியிற் பாதியை மூன்று ஆண்டில் திருப்பும் கடனாகக் காஸ்தில் அரசு பெற்றது; அதன் மதிப்பு 3 கோடி மரவெதி. கடனை இசபெல் அரசி செலுத்தினார் என்பது அவருக்குப் புகழே. ஆனால் காசாக உருகிய பாத்திரத்தின் செய்கூலியை, அதிற் கழிந்த இராப்பகலை, எந்தக் கருவூலம் திருப்பித் தரும்?

ஆர்ஃபே தொலேதோவுக்கு முன்னர் லெயோன் பேராலயத்துக்குச் செய்த பேழையும் இவ்வாறே நெப்போலியன் காலத்துப் போரில் உருக்கப்பட்டது. அவர் பேரர் ஹுவான் தெ ஆர்ஃபேயும் கம்மியர். அவீலா, செவில் நகரங்களின் பேழைகள் அவர் செய்தவை. உருவ அளவைகளைப்பற்றி 1585-ல் செவில் நகரில் அவர் அச்சிட்ட நூலில், பாட்டனார் செய்த பேழைகளை ஊர்ப்பெயர் சொல்லி எழுதிவைத்தார். லெயோன் நகரின் பெயரும் அவற்றுள் ஒன்று.