தொழிற்கூடத்திற்கு ஏற்ற லினக்ஸ் எது?

விழாக் காலங்களிலே தாம் கற்ற கல்லூரிக்குப் பழைய மாணவர் ஏதேனும் ஒன்றை வழங்கி மகிழ்வது நம் நாட்டில் நெடுநாளாக நிலவிவரும் நல்வழக்கு. மண்டபங் கட்டியோர் உளர். நூல்நிலையம் அமைத்தோர் உளர். இக்காலத்திலே தொழிற்கூடத்திற்கு இயந்திரம் வாங்கிக் கொடுக்கவும் பலர் முன்வருகின்றனர். கணினியால் இயக்கப்படுங் கடைசல் இயந்திரமும், மரத்தையும் உலோகத்தையுஞ் செதுக்கும் இயந்திரமும் ஒரு காலத்திற் பெருந் தொழிற்சாலைகளுக்கே உரியனவாயிருந்தன. இன்று அவை வகுப்பறையின் ஒரு மூலையில் அடங்குமளவிற்குச் சிறுத்துவிட்டன. இது மகிழ்தற்குரியதே. ஆயினும் இயந்திரத்தைப் பற்றி நூறு கேள்வி கேட்டு வாங்கும் நாம், அதனை ஆளுங் கணினியைப் பற்றி ஒன்றேனுங் கேட்பதில்லை.

இதன் விளைவு யாது? இயந்திரம் இரும்பாலானது, முறையாகப் பேணினால் முப்பது ஆண்டுகளும் உழைக்கும். அதனை ஆளுங் கணினியோ சில ஆண்டுகளிற் பழுதடைகிறது. புதிய கணினியிற் பழைய மென்பொருள் இயங்க மறுக்கிறது. அம்மென்பொருளின் அனுமதிக் குறியீடு எங்கோ தொலைந்து போகிறது. விற்றவரைத் தேடினால் அவருமில்லை. உடல் நலமாயிருக்க உணர்விழந்து கிடக்கும் நோயாளியைப் போன்று, துணி போர்த்தி மூலையிற் கிடக்கும் இயந்திரங்களை நாம் கண்டதுண்டு. இன்னுஞ் சிலவிடங்களில் விலை கொடாது படியெடுத்த மென்பொருளைக் கொண்டே இயந்திரத்தை ஓட்டுகின்றனர். நேர்மையைப் போதிக்குங் கல்விக்கூடத்திற்கு இது எவ்வாற்றானும் பொருந்தாது.

ஆகவே, கல்லூரித் தொழிற்கூடத்தின் இயந்திரங்களை லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டே ஆளுதல் வேண்டும் என்பதும், அதனைத் தேர்ந்து நிறுவும் பணியை மாணவரிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்பதும் நமது கருத்தாகும்.

இயந்திரங்களை ஆளுவதற்கென்றே அமைந்த மென்பொருளொன்று லினக்ஸ்சிஎன்சி என்னும் பெயரால் வழங்குகிறது. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமாகிய நிஸ்ட் 1990களில் மேற்கொண்ட ஆராய்ச்சியே இதன் தோற்றுவாய். அரசின் ஆக்கமாதலின் அது பொதுச்சொத்தாக வெளியிடப்பட்டது. பின்னர் உலகின் பல பாகத்திலுமுள்ள ஆர்வலர் அதனை ஏற்று வளர்த்து வந்துள்ளனர். இன்று அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம். மாணவனுக்கு இதனினும் நல்ல பாடநூல் வேறு யாது?

இனி, எந்த லினக்ஸ் என்னும் வினாவிற்கு வருவோம். லினக்ஸ் என்பது 1991ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய உட்கருவின் பெயர். அவ்வுட்கருவோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருவோர் பலர். அக்கட்டுகளையே வழங்கல்கள் என்பர். வீட்டுக் கணினிக்கு வழங்கலைத் தேர்வோர் அழகையும் புதுமையையும் நோக்குவர். இயந்திரத்திற்குத் தேர்வோர் நோக்கவேண்டியதோ வேறொன்று. அதுவே காலந் தவறாமை.

இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம். ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்ட மோட்டரை எடுத்துக்கொள்க. அதனை இயக்கும் மின்சுற்று ஒவ்வொரு படியையும் பத்தாகப் பகுக்குமாயின், ஒரு சுற்றுக்கு 2000 துடிப்புகள் வேண்டும். ஒரு சுற்றிலே திருகாணி 5 மில்லிமீற்றர் நகர்த்துமெனின், ஒரு மில்லிமீற்றருக்கு 400 துடிப்புகள். செக்கனுக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் நகர 20,000 துடிப்புகள் வேண்டும். அஃதாவது, 50 மைக்குரோ செக்கனுக்கு ஒன்று. கணினி வேறொரு வேலையிற் கவனஞ் செலுத்தித் துடிப்புகளைத் தாமதித்தால் மோட்டர் தடுமாறித் தன் படியை இழக்கும். பின்னூட்டமற்ற எளிய இயந்திரம் அப்பிழையை அறியாது. அதன் பின் வெட்டுவன யாவும் இடம் மாறியே அமையும்.

திருவிழாவிலே தவில் வாசிப்பவரை நோக்குக. அவர் எத்துணை விரைவாக வாசித்தாலும் ஓரிடத்திலே தாளந் தவறினாரெனின் கச்சேரி கெடும். அவ்வாறே இங்கும் கணினியின் சராசரி விரைவு நமக்குப் பயன்படாது; அது காட்டும் மிகப்பெரிய தாமதம் எவ்வளவு என்பதே கேள்வி. விலையுயர்ந்த புதிய கணினி இத்தேர்வில் தோற்பதும், அலுவலகம் ஒதுக்கிய பழைய கணினி வெல்வதும் உண்டு. மின்சாரத்தைச் சேமிக்கவெனத் தன் வேகத்தை அடிக்கடி மாற்றும் மடிக்கணினி பெரும்பாலும் இதற்கு ஆகாது. யூஎஸ்பி இணைப்பும் காலத்திற்கு உறுதி தராமையால் இத்துடிப்புகளை அனுப்ப உதவாது. அச்சுப்பொறிக்கெனப் பண்டு பயன்பட்ட 25 ஊசி இணைப்பே இங்கு கைகொடுக்கிறது. துடிப்புகளைத் தானே உருவாக்கும் மெசா போன்ற தனிப்பலகையை வாங்கி இணைப்பின், கணினி மில்லி செக்கனுக்கொரு முறை கட்டளையிட்டாற் போதும்.

சாதாரண லினக்ஸ் எல்லா வேலைகளையும் ஒப்ப நடத்த முயல்வது. இயந்திரத்தை ஆளுவதற்கோ, அவசர வேலைக்கு முதலிடந் தரும் நிகழ்நேர உட்கரு வேண்டும். பல ஆண்டுகளாகத் தனி ஒட்டாக வழங்கிவந்த இவ்வசதி, 2024ஆம் ஆண்டில் வெளியான 6.12ஆம் பதிப்பிலே லினக்ஸின் தாய் உட்கருவிற் சேர்க்கப்பட்டது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கின், டெபியன் வழங்கலே தொழிற்கூடத்திற்கு உகந்தது என்போம். 1993ஆம் ஆண்டு தொடங்கிய டெபியன் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறையே புதிய நிலையான பதிப்பை வெளியிடுகிறது. நிகழ்நேர உட்கருவை அது தானே வழங்குகிறது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பு முதலாக லினக்ஸ்சிஎன்சியும் அதன் களஞ்சியத்திலேயே இடம்பெற்றுள்ளது. உபுண்டு முதலியனவும் நல்லனவே; ஆயினும் அவற்றில் இதே வசதிகளை அமைப்பதற்குக் கூடுதலான உழைப்பு வேண்டும். நாடோறும் புதுப்பதிப்புகளைத் தந்துகொண்டேயிருக்கும் ஆர்ச் போன்றவை ஆராய்வாருக்கு விருந்து, இயந்திரத்திற்கோ இடையூறு. நேற்று வெட்டியவாறே இன்றும் வெட்டுதல் வேண்டும் என்பதே பட்டறையின் விதி.

நிறுவும் முறையும் கடினமன்று. லினக்ஸ்சிஎன்சி குழுவினர் டெபியனையும் தம் மென்பொருளையும் ஒருங்கே சேர்த்து வெளியிடும் கோப்பை இறக்கி, அது பழுதின்றி வந்ததா எனச் சரிபார்த்து, யூஎஸ்பி பேனாவில் எழுதுக. வன்தட்டில் எதனையும் அழிக்காமலே அதிலிருந்து கணினியைத் தொடக்கித் தாமதச் சோதனையை ஓட்டலாம். சோதனை நடக்கையிற் கணினியைச் சும்மா விடாது, படம் ஓடவிட்டும் கோப்புகளைப் படியெடுத்தும் வருத்துதல் வேண்டும். சில மணி நேரத்தின் பின் மிகப்பெரிய தாமதத்தைக் குறித்துக்கொள்க. அது 20 மைக்குரோ செக்கனுக்கு உட்பட்டதாயின் மிக நன்று. 50 வரையிலும் ஏற்கலாம். 100ஐத் தாண்டினால், கணினியே துடிப்பனுப்பும் முறையைக் கைவிட்டுத் தனிப்பலகையை நாடுக. கணினியின் தொடக்க அமைப்பிலே மின்சேமிப்பு வசதிகளை நிறுத்தினால் தாமதம் குறைவதும் உண்டு. சோதனையில் தேறிய பின்னரே நிறுவுக. நிறுவி இயந்திரம் ஒழுங்காக இயங்கியதும், வன்தட்டு முழுவதற்கும் ஒரு படியெடுத்து வைத்துவிட்டு, காரணமின்றி எதனையும் புதுப்பியாது விடுக. அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் மென்பொருளை நம்பி விடலாகாது. மோட்டர்களின் மின்சாரத்தைக் கம்பி வழியே நேராகத் துண்டிக்குமாறு அதனை அமைத்தல் வேண்டும். மாணவர் கைகள் விலைமதிப்பற்றவை.

இலவசமாகக் கிடைப்பது தரமாயிருக்குமா எனச் சிலர் ஐயுறுவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாட்டு வல்லுநர் ஆக்கிய சஹானா என்னும் நிவாரண மென்பொருள் இத்தகைய திறந்த மூல ஆக்கமே. அது பிறநாட்டுப் பேரிடர்களிலும் பயன்பட்டது. தரத்தை விலைச்சீட்டு உறுதி செய்வதில்லை. பலர் கண்பட்டுத் திருந்துவதே உறுதி செய்கிறது.

இத்துணைத் தொல்லை எதற்கு, ஆயத்தமான ஆளுகைப் பெட்டியை வாங்கினாற் போதாதா என்பாரும் உளர். நாள்தோறும் உற்பத்தி செய்து ஊதியங் கொடுக்கவேண்டிய தொழிற்சாலைக்கு அவர் கூற்றுப் பொருந்தும். பெயர்ப்பலகை பொறிக்குஞ் சிறு கருவிக்குச் சிறிய மின்சுற்றுப் பலகையே போதும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனாற் கல்லூரித் தொழிற்கூடம் ஆக்கவேண்டிய பொருள் திருகாணியுமன்று, பற்சக்கரமுமன்று. அறிந்து செய்யும் மாணவனே. பூட்டிய பெட்டி அவனுக்குப் பொத்தானை அழுத்தக் கற்பிக்கும். தானே அளந்து, தானே நிறுவி, தானே பிழை கண்டு திருத்திய கணினியோ அவனுக்குத் தன்னம்பிக்கையைக் கற்பிக்கும். 2022ஆம் ஆண்டிலே அந்நியச் செலாவணி இல்லாது நாடு தவித்தபோது, உதிரிப் பாகத்திற்காகக் காத்திருந்தோர் அத்தன்னம்பிக்கையின் அருமையை உணர்ந்திருப்பர்.

எனவே பழைய மாணவர்க்கு நாம் விடுக்கும் விண்ணப்பம் இது: இயந்திரம் வழங்குவோர் அதன் மின்னிணைப்பு வரைபடத்தையுஞ் சேர்த்து வழங்குக. 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றமையால் அலுவலகங்கள் ஒதுக்கும் கணினிகளைச் சோதனைக்குத் தந்துதவுக. பொறியியல் கற்றோர் தவணைக்கு இரு சனிக்கிழமைகளையேனும் மாணவரோடு பட்டறையிற் கழிக்குக. ஆசிரியர்கள் அங்கே ஒரு குறிப்பேட்டை வைத்து, எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, எவ்வளவு தாமதம், எவ்வாறு திருத்தினோம் என்பவற்றை மாணவர் கையாலே எழுதுவிக்க. வழங்கியவர் பெயரைக் கல்வெட்டுக் காக்கும். வழங்கிய இயந்திரத்தைக் காப்பது அந்தக் குறிப்பேடே.