மின்சார விரைவூர்தியும் எழுபது வளைவுகளும்

புதிதாகக் கார் வாங்கினார் ஒருவரைக் கண்டால் நம் மாணவ நண்பர் முதற்கண் வினவுவது யாது? "எத்தனை வினாடியில் நூறு?" என்பதே. அஃதாவது, நின்ற நிலையினின்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எய்த எத்தனை வினாடி செல்லும் என்பதாம். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் சிற்றப்பா மின்சாரக் கார் ஒன்றை வாங்கிக் கொல்லிமலை மீதுள்ள எம்மூராகிய செம்மேட்டிற்குக் கொணர்ந்த செய்தியை யான் விடுதியிற் சொன்னபோது, என்னைச் சூழ்ந்த பன்னிருவரும் இவ்வொரு வினாவையே வினவினர். அவ்வண்டி மலையினின்று எவ்வாறு இறங்குகின்றது என ஒருவரேனும் கேட்டிலர். மலையில் வாழ்வார்க்கு வேண்டற்பாலது இப்பின்னைய வினாவே என்பதும், அதன் விடையறியாது இத்தகைய வண்டியை வாங்குதலும், அதனை உரையாது விற்றலும் தவறென்பதும் எனது கருத்து.

செம்மேட்டை அறியாதார் பொருட்டுச் சில கூறுதல் வேண்டும். நாமக்கல் மாவட்டத்திலே, கடல்மட்டத்திற்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் கொல்லிமலையின் மேற்பரப்பில் அமைந்தது எம்மூர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரிக்கு அங்கே சிலையுண்டு. அவன் ஊர்ந்த குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பதைச் சிறுபாணாற்றுப்படை கற்றார் அறிவர். ஆதலின் ஊர்தியின் பெருமையைத் தன் பெருமையாகக் கொள்ளும் வழக்கம் எம் மலைக்குப் புதியதன்று. அடிவாரத்துக் காரவள்ளியினின்று சோளக்காட்டை அடையுமுன் சாலையானது எழுபது கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறுகின்றது. புதிதாக வருவோர் வளைவுகளை உரக்க எண்ணிக்கொண்டு வருவர்; முப்பதைக் கடந்தபின் எண்ணுவதை விட்டுத் தலையைப் பிடித்துக்கொள்வர். மோட்டார்ச் சாலை வருமுன் மேலே வந்தோர் நடந்தும் டோலியிலும் வந்தனர். 1974இல் மறைந்த ஈவிலின் பிராண்ட் அம்மையார் தள்ளாத வயதிலும் மட்டக்குதிரை மீதேறி ஊர்ஊராய்ச் சென்றதை எங்கள் பாட்டி போன்ற முதியோர் இன்றும் எடுத்துரைப்பர்.

நிற்க. மின்சாரக் காரின் விரைவை ஒரு புதுமையாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. மணிக்கு 100 கிலோமீட்டர் என்னும் எல்லையை முதன்முதற் கடந்த கார், 1899இல் கமீய் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜியர் ஓட்டிய மின்சாரக் காரே. பின்னர்ப் பெட்ரோல் வென்றது, மின்சாரம் மறைந்தது. நம் நாட்டிலே 2001இல் பெங்களூரினின்று வெளிவந்த ரேவா, நகர்த் தெருவிற்கேற்ற சிறு வண்டி. விரைவிற்கும் அதற்கும் தொடர்பில்லை. கால் நூற்றாண்டு நிரம்புமுன்னரே காட்சி முற்றும் மாறிவிட்டது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகஞ் செய்யப்பெற்ற மஹிந்திரா பி.இ. 6 என்பதனை எடுத்துக்கொள்வோம். அதன் உயர்வகையில் 79 யூனிட் கொள்ளும் மின்கலமும் 210 கிலோவாட் மோட்டாரும் உள்ளன. நூறை எய்த 6.7 வினாடி என்பர். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலே வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார்த் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. விரைவூர்தி இனி நமக்கு வேற்றுநாட்டுப் பொருளன்று. எங்கள் சிற்றப்பாவின் வண்டி எவருடைய செய்கை என்பது ஈண்டு வேண்டா. அதுவும் இவ்வினத்தைச் சார்ந்தது என்னும் அளவே போதும்.

சிற்றப்பா மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் வாணிகர். ஞாயிறு ஒழிந்த நாளெல்லாம் நாமக்கல்லிற்கு இறங்கி ஏறுபவர். இவருக்கு இவ்வளவு ஆற்றல் எதற்கு? காரவள்ளிச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற் செல்ல நினைப்பவன் பிறருயிரைப் பொருட்படுத்தாதவன். அங்கே அந்த 6.7 வினாடிக்கு வேலையே இல்லை. வேலையுள்ளது வேறொரு கணத்தில்: வளைவிலே எதிரே பேருந்து வர, நின்று, வழிவிட்டு, அம்மேட்டிலேயே மீண்டும் புறப்படும் கணத்தில். அப்பொழுது பழைய வண்டியில் கிளச்சோடும் கைப்பிரேக்கோடும் ஒரு போர் நடக்கும். வண்டி ஓரடி பின்வாங்கும். பின்னிருக்கையிலுள்ள பாட்டி கண்களை மூடிக்கொள்வார். மின் மோட்டாரோ சுழலத் தொடங்கும்போதே தன் முழு வலிமையையும் தரவல்லது. மிதித்தால் ஏறுகின்றது, அவ்வளவே. செலவும் அஞ்சத்தக்கதன்று. இரண்டு டன் எடையை 1000 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ ஐந்தரை யூனிட் வேண்டும் என்பது பள்ளியிற் கற்ற பௌதிகக் கணக்கே. உராய்வு முதலியவற்றிற்கு மேலும் சிறிது கூட்டினாலும், 79 யூனிட் மின்கலத்திற் பத்திலொரு பங்கை ஒட்டியே அஃது அமையும்.

இனி இறக்கத்திற்கு வருவோம். லாரித் தொழிலிற் பேர்பெற்ற நாமக்கல்லின் ஓட்டுநர்களுக்கு ஒரு விதியுண்டு: ஏறிய கியரிலேயே இறங்கு. எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கு குளிர்ந்திருக்கும். மின்சாரக் காரிற் கியர் மாற்றுதல் இல்லை. அதற்கு ஈடாக வேறொரு நயமுண்டு. காலை எடுத்த அளவிலே மோட்டாரானது மின்னாக்கியாக மாறிச் சக்கரத்தைத் தடுக்கின்றது. தடுத்தலாற் பிறந்த மின்சாரம் மின்கலத்திற்கே மீள்கின்றது. முதன்முறை இறங்கிக் காரவள்ளியிற் பார்த்தபோது மின்கல அளவு மேலே இருந்ததைவிட மூன்று விழுக்காடு கூடியிருந்தது. மலை தனக்குக் கொடுத்த கடனைத் திருப்பித் தந்துவிட்டது என்று சிற்றப்பா மகிழ்ந்தார். யானும் மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி ஒரு வாரமே நின்றது. மறுநாள் திருச்சிராப்பள்ளி வரை செல்லவேண்டியிருந்தமையால், ஓரிரவு வீட்டிலேயே நூறு விழுக்காடும் நிரப்பி, விடியலிற் புறப்பட்டோம். முதல் வளைவிலேயே வண்டி வழக்கம்போற் பிடிக்கவில்லை. சிற்றப்பா பிரேக்கை மிதித்தார். மீண்டும் மீண்டும் மிதித்தார். பாதி வளைவுகள் கடக்குமுன் கருகல் நாற்றம் எழுந்தது. மிதி காலுக்கு மெத்தென்றது. அவர் முகம் வெளுத்ததை யான் அதற்குமுன் கண்டதில்லை. ஓர் அகன்ற இடத்திலே, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினோம். சக்கரத்தருகே கையைக் கொண்டுசெல்ல இயலவில்லை. ஏறிவந்த சிற்றுந்து ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, "ஐயா, எந்தக் கியரில் இறங்கினீர்கள்?" என்றார். "இதில் கியர் கிடையாது" என்றார் சிற்றப்பா. "கியர் இல்லாத வண்டிக்கு மலை எதற்கு?" என்று சொல்லி அவர் போய்விட்டார்.

காரணம் எளியது. நிரம்பிய குடத்தில் நீர் வார்த்தல் இயலாது. மின்கலம் நிரம்பியிருப்பின் மீளும் மின்சாரத்திற்கு இடமில்லை. இடமில்லாதபோது மோட்டார் தடுத்தலும் ஒழியும், அல்லது மிகக் குறையும். செம்மேட்டிலிருந்து சோளக்காடு வரை ஓடியதில் ஓரிரு விழுக்காடே கரைந்திருந்தது. அதன்பின் முற்றும் இறக்கமாதலின் மேலும் கரைய வழியில்லை. சமவெளியில் வாழ்வார்க்கு நிரம்பிய மின்கலம் ஒரு நிறைவு. மலைமேல் வாழ்வார்க்கு அதுவே இடர். வண்டியின் கையேட்டைப் பின்னர்ப் புரட்டியபோது இச்செய்தி ஒரு வரியாக அங்கே கிடந்தது. படியாதது எம் குற்றமே, அதனை மறைக்கவில்லை. ஆயினும் முகவரி கேட்டு, செம்மேடு என்று தாமே எழுதிக்கொண்டு, இருக்கையின் தோலைப் பற்றியும் பாட்டுப்பெட்டியைப் பற்றியும் ஒரு மணி நேரம் விரித்துரைத்த விற்பனையாளர் இதனை ஒரு சொல்லாற் சுட்டியிருக்கலாகாதா? எண்பது விழுக்காட்டில் நிறுத்துக, மேலே நிரப்ப வேண்டுமாயின் அடிவாரத்திற்கு இறங்கியபின் நிரப்புக என்று சொல்ல அரை நிமிடம் போதும். இரும்பு பாஸ்பேட் வகை மின்கலத்தை இடையிடையே முழுதும் நிரப்புதல் நன்றென்பர். அதனையும் கீழ்நாட்டிலேயே செய்துகொள்ளலாம். ஏற்காட்டிலும் உதகையிலும் கொடைக்கானலிலும் இத்தகைய வண்டி வாங்குவோர் பெருகிவரும் இக்காலத்தில் இதனை உரையாது விடுதல் சிறு பிழையன்று.

இவ்வண்டியின் மற்றொரு குணம் ஓசையின்மை. நகரத்தார் அதனைப் போற்றுவர். எம் சாலையிலோ பலாப்பழத்தைத் தலையிற் சுமந்து வளைவோரமாக நடப்போர் வண்டியின் முக்கலைக் கேட்டே ஒதுங்கப் பழகியவர். ஊர்ந்து செல்லும்போது ஒலிக்கும் செயற்கை ஒலி காற்றிலும் மழையிலும் அவர் செவிக்கு எட்டாது. ஆதலால் வளைவுதோறும் ஊதுகுழலை ஒலித்தல் மின்சாரக் கார் ஓட்டுவார்க்கு இரட்டிப்புக் கடமையாம்.

இவ்வளவு பொருள் செலவிட்டு ஒரு வண்டி வேண்டுமா என்பாருமுளர். அவ்வினாவை யான் எளிதில் ஒதுக்கமாட்டேன். மின்சாரக் காருக்கு 2019 முதல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு ஐந்தே. தமிழ்நாட்டரசு 2023இல் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையும் 2025 முடியச் சாலை வரியை முற்றும் விலக்கிற்று. எனவே இவ்வண்டியின் விலையில் ஒரு பங்கைப் பேருந்திற்குக் காத்து நிற்பவரும் ஒருவாறு தாங்கினார் எனலாம். சிற்றப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சினந்தார், ஆயினும் அன்று முதல், காலையில் இறங்கும்போது பின்னிருக்கை வெறுமையாக இருந்ததில்லை.

இப்பொழுது எண்பதோடு நிற்குமாறு வண்டியிலேயே அமைத்துவிட்டார். பாட்டிக்கோ அவ்வமைப்பில் நம்பிக்கையில்லை. இரவு ஜெபம் முடிந்து மாவரைக்கும் இயந்திரத்தை ஓட்டுமுன், முன்றிலுக்குச் சென்று மின்னேற்றியின் விசையைத் தம் கையாலேயே அணைத்துவிட்டு வருகின்றார்.