கணவாய் மை: கறுப்பு கெடாது... மை கெடும்!

கன்னங்கரேலென்று ஒரு பாஸ்தா, அதன் மேல் ரெண்டு இறால். ஃபுட் ரீல்ஸ் பார்க்கிற யாரும் இதைத் தாண்டி வந்திருக்க முடியாது. அந்தக் கறுப்புக்குக் காரணம் கணவாய் மை. இத்தாலியின் வெனிஸில் கறுப்பு ரிசொட்டோ, ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் ‘அரோஸ் நெக்ரோ’ என்கிற கறுப்புச் சோறு, ஜப்பானின் ஒகினாவாவில் கறுப்பு சூப் என்று காலங்காலமாகச் சாப்பிட்டு வருகிறார்கள்.

நம்ம ஊரில்? “மைப் பையை எடுத்துடுங்கண்ணே” என்பதுதான் மீன் கடையில் நாம் சொல்லும் முதல் வார்த்தை. கணவாய் ஓட்டைக்கூட நாம் விடுவதில்லை. லவ் பேர்ட்ஸ் கூண்டில் மாட்டுகிறோம். சித்த மருத்துவத்தில் அதற்குக் ‘கடல் நுரை’ என்று பெயரே உண்டு. மை மட்டும் நேராகச் சாக்கடைக்கு. ஏற்றுமதிக்காகக் கணவாயைச் சுத்தம் செய்யும் ஆலைகளிலும் மை பெரும்பாலும் கழிவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியக் கணவாயை அதிகம் வாங்கும் நாடுகளில் ஸ்பெயினும் இத்தாலியும் உண்டு. அங்கே மையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

‘அப்போ இதைக் கொதிக்க வைத்து, பாட்டிலில் அடைத்து விற்றால் என்ன?’ நியாயமான கேள்வி. விற்கலாம், விற்கவும் வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்து பாட்டிலில் அடைக்கும் வேலை மட்டும் வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

மையில் என்ன இருக்கிறது?

கறுப்பு நிறம் தருவது மெலனின். நம் தலைமுடியிலும் தோலிலும் இருக்கும் அதே நிறமி வகைதான். அது மிக நுண்ணிய துகள்களாக, புரதமும் தண்ணீரும் கலந்த கொழகொழப்பான திரவத்தில் மிதக்கிறது. கூடவே குளுட்டமேட், டாரின் போன்ற அமினோ அமிலங்கள். கடல் வாசனையோடு நாக்கில் நிற்கும் அந்த ருசிக்கு இவற்றின் பங்கு முக்கியம்.

இதில் மெலனின் லேசில் அழியாது. இங்கிலாந்தில் கிடைத்த, 16 கோடி ஆண்டுகளுக்கும் பழமையான புதைபடிவ மைப் பைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அதில் இருந்த மெலனின் இன்றைய கணவாயின் மெலனினோடு ஒத்துப்போவதாக 2012-ல் அறிவித்தார்கள். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

இங்கேதான் சிக்கல். பால் கெட்டால் திரியும். சட்னி கெட்டால் நுரைக்கும். மை கெட்டால் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. நிறம் பத்திரமாக இருக்கிறது என்பதால் உணவும் பத்திரம் என்று நம்பிவிடுவோம். ஆனால் புரதமும் தண்ணீரும் இருக்கிற, புளிப்பே இல்லாத இந்தத் திரவம் பாக்டீரியாவுக்கு விருந்து மாதிரி.

சூடு என்ன செய்யும்?

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பாஸ்டரைசேஷன் அளவுக்குச் சூடாக்கினால் சாதாரண பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் ‘கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத, புளிப்பில்லாத பாட்டில்தான் அவை முளைப்பதற்கு ஏற்ற இடம். அவை உருவாக்கும் நச்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்து, உயிரையே பறிக்கக்கூடியது.

இதில் ஒரு வகை, ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரும். கடல் உணவில் அதிகம் பேசப்படுவது அதுதான். பொருளின் நடுப்பகுதி 90 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் இருந்தால் அந்த வகையைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அப்போதும் ஃப்ரிட்ஜ் கட்டாயம். ஃப்ரிட்ஜ் இல்லாமல் கடை அலமாரியில் வைக்க வேண்டுமானால், அழுத்தத்தில் 121 டிகிரி சூடு, நடுப்பகுதியில் சுமார் 3 நிமிடம் நிற்க வேண்டும். சாதாரணமாகக் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது.

‘குக்கர் இருக்கே?’ என்று கேட்கலாம். குக்கருக்குள் இருக்கும் நீராவியின் சூடு வேறு, கெட்டியான மை நிறைந்த பாட்டிலின் நடுவில் இருக்கும் சூடு வேறு. விசிலை எண்ணி அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. சூடு பட்டால் மையில் உள்ள புரதம் முட்டை மாதிரி கட்டிக்கொள்ளும். அதனால் மையை வடிகட்டி, தண்ணீரும் உப்பும் சேர்த்து, கெட்டியாக்கும் பொருள் கலந்து பதப்படுத்துகிறார்கள். ஸ்பெயின் கடைகளில் கிடைக்கும் 4 கிராம் பாக்கெட்டுகள் இப்படி வந்தவைதான். மெல்லிய பாக்கெட் என்றால் சூடும் நடுவரை சீக்கிரம் போய்ச் சேரும்.

சூடு என்ன செய்யாது?

கணவாயின் செரிமானச் சுரப்பியில் காட்மியம் என்ற உலோகம் சேரும். மைப் பையை எடுக்கும்போது அந்தச் சுரப்பி கிழிந்து மையில் கலந்தால், எந்தச் சூடும் அந்த உலோகத்தை நீக்காது. குடல் பகுதி நீக்கிய கணவாய்க்கே கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் காட்மிய உச்சவரம்பு. கணவாய் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சூடாக்கிய மை பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

ஆக, தரமான மைக்கான வேலை அடுப்பில் ஆரம்பிப்பதில்லை. பிடித்தவுடன் ஐஸ், கிழியாமல் மைப் பையை எடுக்கும் கை, அதற்குப் பிறகுதான் சூடு. சுத்தம் செய்யும் கூடங்களில் அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. கழிவாகப் போகும் மை ஒரு பொருளாக மாறினால், அந்தக் கூடுதல் கவனத்துக்குக் கூடுதல் கூலியும் வர வேண்டும்.

‘சின்ன யூனிட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?’ தனியாகச் செய்தால் கஷ்டம்தான். ஆனால் தொழில்நுட்பம் புதிதில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீன் குழம்பைப் பவுச்சில் அடைத்து ஃப்ரிட்ஜ் இல்லாமலே வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நம்ம கணவாயின் மைக்கு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதை அளந்து, எல்லோருக்கும் புரிகிற தமிழில் வெளியிட்டு, பொதுப் பதப்படுத்தும் கூடமும் அமைத்துக் கொடுத்தால், சுயஉதவிக் குழுக்களும் இதில் இறங்க முடியும். அதுவரை ‘வீட்டிலேயே செய்தது’ என்ற ஸ்டிக்கரை நம்பி பாட்டில் வாங்குவது ரிஸ்க்.

வீட்டில் செய்துபார்க்க ஆசையா? ஃப்ரெஷ் கணவாயின் மைப் பையைக் கிழிக்காமல் எடுங்கள். ஐஸ் ட்ரேயில் கொஞ்சம் தண்ணீரோடு பிழிந்து உடனே ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டியபோது ஒரு கட்டியை எடுத்து, உருக வெளியில் வைக்காமல், நேராகக் கொதிக்கும் குழம்பில் போடுங்கள்.

கடையில் வாங்கினால், எவ்வளவு கறுப்பு என்று பார்க்காதீர்கள். எப்படிப் பதப்படுத்தினார்கள், எங்கே வைக்கச் சொல்கிறார்கள், திறந்த பிறகு எத்தனை நாள் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.