கேன்டீன் மெக்கானிக்: கம்பி கட்டின கதை!

‘‘மச்சி, காருக்கு ஸ்ட்ரட் பார் வாங்கப் போறேன். 4,800 ரூபா சொல்றாங்க. நீ மெக்கானிக்கல்தானே... எது ஸ்ட்ராங்குனு பார்த்து செலக்ட் பண்ணிக் குடுடா!’’

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ராக்கெட் இப்படிக் கேட்டதும், ஐயா காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். பின்னே... மூணு வருஷத்துல முதல்முறையா ஒருத்தன் நம்மளை மதிச்சு டவுட் கேட்கிறானே!

ராக்கெட் அரியலூர் பையன். அவன் ஓட்டுறது அவங்க அப்பாவோட பழைய ஃபோர்டு ஐகான் 1.6. அதெல்லாம் ஒரு பர்ஃபாமென்ஸ் காரானு சிரிக்காதீங்க பாஸ். மறைமலை நகர்ல செஞ்சு 1999-ல ரோட்டுக்கு வந்தப்போ, ‘ஜோஷ் மெஷின்’னு விளம்பரம் பண்ணின வண்டி. அந்த ஃபேக்டரியில ஃபோர்டு கார் தயாரிப்பு 2022-லயே முடிஞ்சுபோச்சு. ஆனா, ஐகான் வெறியர்கள் மட்டும் இன்னும் முடியலை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்க நாலு பேர் கொல்லிமலை போறதா பிளான். 70 கொண்டை ஊசி வளைவு. ‘‘வளைவுல முன்பக்கம் கொஞ்சம் மிதக்குது மச்சி. ஏதோ டொக்குனு ஒரு சத்தமும் வருது. ஒரு பார் போட்டா வண்டி அப்படியே தண்டவாளத்துல போற மாதிரி போகுமாம்’’ என்றான். எவனோ சொல்லியிருக்கான்!

சரி, அது என்ன பார்? பானட்டைத் திறந்தா ரெண்டு ஓரத்துலயும் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ரெண்டு மேடு தெரியும் இல்லையா, அதுதான் ஸ்ட்ரட் டவர். முன்சக்கரத்தோட ஷாக், ஸ்பிரிங் எல்லாம் அதுக்குள்ளதான் தொங்குது. இந்த மாதிரி சஸ்பென்ஷனைக் கொண்டு வந்தவர் ஏர்ல் மெக்ஃபர்சன். ஜெனரல் மோட்டார்ஸ்லேர்ந்து 1947-ல ஃபோர்டுக்குத் தாவின இன்ஜினீயர். 1950-ல இங்கிலாந்தில் வந்த ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்கள்ல இது பிரபலமாச்சு. அப்புறம் நம்ம மாருதி 800 வரைக்கும் இதே கதைதான். (தாத்தாவோட அம்பாசிடருக்கு பார் தேடறவங்க கவனிக்க: அதுல முன்னாடி டார்ஷன் பார் சஸ்பென்ஷன். ஸ்ட்ரட் டவரே கிடையாது. எஸ்கேப்!)

வேகமா திரும்பறப்ப டயர் வாங்குற உதை ஸ்ட்ரட் வழியா மேல ஏறி, டவரை உள்ளேயோ வெளியேயோ தள்ளும். டவர் கொஞ்சூண்டு அசைஞ்சாலும் சக்கரத்தோட சாய்வு மாறும். ரெண்டு டவரையும் ஒரு கம்பியால பிணைச்சுட்டா, ஒண்ணு வாங்குற அடியை இன்னொண்ணும் சேர்ந்து தாங்கும். இதுக்கு ஒரு சூப்பர் முன்னோடி இருக்கு. 1960-கள்ல மோசமான ரோடு இருக்கற நாடுகளுக்கு அனுப்பின ஃபோர்டு கார்கள்ல, ரெண்டு டவரையும் பின்னாடி இருக்கற ஃபயர்வாலோட சேர்த்துப் பிடிக்கிற ஒரு பிரேஸ் போட்டாங்க. பேரே ‘எக்ஸ்போர்ட் பிரேஸ்’! 1965-ல வந்த ஷெல்பி ஜிடி 350 மஸ்டாங்ல இதோட சேர்த்து குறுக்கால ‘மான்டி கார்லோ பார்’னு நேரா ஒண்ணும் உண்டு. ஆக, குண்டும் குழியுமான ரோட்டுக்கும் இந்தக் கம்பிக்கும் ரொம்ப நாள் பந்தம். சுண்ணாம்புக்கல் டிப்பருக்குப் பின்னாடியே அரியலூர் ரோட்டில் ஊர்ந்து காலேஜ் வர்றவனுக்கு இது ஆறுதலான தகவல்தானே!

திருச்சியில் ஒரு ஆக்சஸரீஸ் கடைக்குப் போனோம். சிவப்பு கலர் அலுமினியம் பார், சும்மா தகதகனு மின்னுது. இன்ஜினுக்கு மேல அழகா வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. ரெண்டு முனையிலும் போல்ட் போட்டு மடக்குற மாதிரி மூட்டு. ராக்கெட் கண்ல ஹார்ட்டின். எனக்கு மட்டும் மண்டைக்குள்ள ஏதோ உறுத்துச்சு. ‘‘நாளைக்கு வர்றோம்ணே’’னு அவனைத் தரதரனு இழுத்துட்டு வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல, அரியர் வெச்சு க்ளியர் பண்ணின ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ நோட்டைத் தூசி தட்டினேன். 25 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் கனம், ஒரு மீட்டர் நீளம்னு ஒரு சாதாரண ஸ்டீல் டியூப். ரெண்டு முனையும் பின் ஜாயின்ட். 200 கிலோ எடை அளவுக்கு நீளவாக்கில் அழுத்தினா, நேரான டியூப் சுருங்கறது 0.07 மில்லிமீட்டர்தான். அதே டியூப் நடுவுல 50 மில்லிமீட்டர் மேல தூக்கி வளைஞ்சிருந்தா? 0.92 மில்லிமீட்டர்! பதிமூணு மடங்குக்கு மேல தொளதொளப்பு. நேரா இருந்தா கம்பியை அமுக்கணும். வளைஞ்சிருந்தா மடக்கினாலே போதும். மடக்குறது எப்பவுமே ஈஸி பாஸ்!

அலுமினியத்தோட விறைப்பு ஸ்டீல்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. அதனால அதே அளவு நேரான அலுமினியம் டியூப்னா 0.19. ஸ்டீலை விட வீக்குதான். ஆனா வளைஞ்ச ஸ்டீலை விட எவ்வளவோ மேல்! மெட்டீரியல் என்னங்கிறது ரெண்டாவது கேள்வி, கம்பி நேரா இருக்கா என்பதுதான் முதல் கேள்வி. இன்னொரு காமெடி... ‘க்ரோமோலி’னு சொல்லி காசைக் கூட்டுவாங்க. அது லேசுல உடையாது, உண்மை. ஆனா விறைப்புல சாதா ஸ்டீலும் அதுவும் ஒண்ணுதான். இங்கே நமக்கு வேண்டியது விறைப்பு.

அப்புறம் அந்த மூட்டு. இன்ஜினைச் சுத்தி வளைச்சுக் கொண்டுபோக வசதிதான். ஆனா போல்ட் ஓட்டையில அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தா, மேல சொன்ன கணக்கு எல்லாம் அம்பேல். தட்டையும் டியூபையும் ஒண்ணா வெல்ட் அடிச்ச ஒரே பீஸ்தான் பெஸ்ட். டவர் மேல உட்கார்ற தட்டும் மொத்தமா இருக்கணும், பப்படம் மாதிரி தகடு இருந்தா அது வளைஞ்சுடும். அதுக்காக ரொம்ப மொத்தமாவும் போயிட்டா, மவுன்ட் நட்டுக்கு மரை பத்தாது. நட்டு முழுசா ஏறணும், இதுல சமரசமே கூடாது.

இதையெல்லாம் புரொஜெக்ட் ரிவ்யூ மாதிரி நான் விளக்கி முடிச்சதும் ராக்கெட் சரண்டர். ‘‘அப்போ நாமளே நேரா ஒண்ணு செஞ்சுடுவோம்டா!’’

வெள்ளிக்கிழமை காலை, அளவு எடுக்க அரியலூர்ல அவங்க அப்பா வழக்கமா விடுற பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்தார். எங்க அட்டை டெம்ப்ளேட்டை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் டவர் ஓரத்துல இருந்த சேற்றையும் பழைய சீலரையும் ஸ்க்ரூ டிரைவரால சுரண்டினார். உள்ளே துரு. துருவுக்கு நடுவுல, டவரோட தையல் வெல்டை ஒட்டி ரெண்டு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்!

‘‘சத்தம் எத்தனை நாளா வருது தம்பி?’’

‘‘ஒரு... ரெண்டு மாசமா வருதுண்ணே.’’

‘‘ரெண்டு மாசமா இதை வெச்சுக்கிட்டா ஓட்டுற? உடைஞ்ச கைக்கு வளையல் வாங்க வந்திருக்கீங்களேடா!’’

அண்ணன் வண்டியை ஜாக்கியில ஏத்தி லோயர் ஆர்ம் புஷ்ஷைக் காட்டினார். ரப்பர் பிஞ்சு, இரும்பும் இரும்பும் இடிச்சுக்கிட்டிருக்கு. மேல் மவுன்ட்டும் காலி. முன்பக்கம் மிதந்ததுக்கும், டொக் சத்தத்துக்கும் காரணம் இதுங்கதான். டவர் விரிசல் தனிக் கேஸ். அது அப்படியே பெருசானா, ஒரு பள்ளத்துல ஸ்ட்ரட் டவரைக் கிழிச்சுட்டு மேல வந்துடலாம்னார். நாங்க போகவிருந்தது 70 வளைவு. நாலு பேர். ராக்கெட் முகத்துல ஈ ஆடலை. எனக்கும்தான்.

ஒண்ணு சொல்லணும்... என் கணக்கு எல்லாம் சரி. ஆனா அந்தக் கம்பியை மாட்டுற இடம் நல்லா இருக்குனு நானா முடிவு பண்ணிட்டேன். அந்த பாரை மட்டும் பூட்டியிருந்தா அடி கொஞ்சம் பகிர்ந்து, விரிசல் அமைதியா வளர்ந்திருக்கும். சத்தமாவது உண்மையைச் சொல்லிட்டிருந்துச்சு!

கொல்லிமலைக்கு பஸ்ல போனோம். வண்டி ஒன்பது நாள் பட்டறையில இருந்துச்சு. டின்கரிங் அண்ணன் துருவை அறுத்து எடுத்து, புதுத் தகடு வெச்சு வெல்ட் அடிச்சார். புது புஷ், புது மவுன்ட், வீல் அலைன்மென்ட். செலவு பார் விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. ராக்கெட்டோட அப்பா ஒண்ணுமே சொல்லாம பணம் எடுத்துக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தாகூடப் பரவாயில்லை. அதுக்கப்புறம் வண்டி வளைவுல கம்முனு போகுது, கம்பியே இல்லாம!

ஆசை விடுமா? அதுக்கப்புறம் ஒரு பாரும் செஞ்சோம். ஹார்டுவேர் கடையில டியூப், லேத் பட்டறையில 5 மில்லிமீட்டர் தட்டு, எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. (ஜிஐ பைப்பை வாங்கி அப்படியே வெல்ட் வெச்சுடாதீங்க. துத்தநாகப் புகையில காய்ச்சலே வந்துடும்.) பாடியில ஓட்டை போடலை, இருக்கற நட்டுலயே மாட்டினோம். பாடியை அறுத்து மாத்தறதெல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு ஏரியா. வண்டி சமதளத்துல, நாலு சக்கரமும் தரையில இருக்கறப்போதான் மாட்டணும். ஸ்ட்ரட் நடுவுல இருக்கற பெரிய நட்டை மட்டும் தொட்டுடாதீங்க. ஸ்பிரிங் மொத்தமும் அதுலதான் அடங்கியிருக்கு, கழட்டினா மூஞ்சி இருக்காது!

வித்தியாசம் தெரியுதா? ஒரு டெஸ்ட் வெச்சோம். நான் பார்க்காதப்போ ராக்கெட் பாரை மாட்டுவான் அல்லது கழட்டுவான். நான் ஓட்டிப் பார்த்து, இருக்கா, இல்லையானு சொல்லணும். ஆறு தடவையில மூணு கரெக்ட். காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்தான். இருங்காட்டுக்கோட்டை டிராக்ல முழு வேகத்துல திருப்பறவங்களுக்கு அந்த அரை மில்லிமீட்டர் தெரியலாம். பெரம்பலூர் பாலக்கரை ரவுண்டானாவில் எனக்குத் தெரியலை.

பார் இப்பவும் வண்டியிலதான் இருக்கு. போன வாரம் ராக்கெட் அதுக்கு சிவப்பு பெயின்ட் அடிச்சுட்டான்.